காசைக் கழுவாதீர்கள்: பழைய நாணயக் குற்றிகளின் தரம் பார்க்கவும் விலை மதிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மம்மாவிடம் பனையோலைக் கொட்டப்பெட்டி ஒன்று இருந்தது. வெற்றிலை பாக்கு போடுவதை அவர் நிறுத்திய பிறகு அதற்குள் மிஞ்சியது பதினைந்து இருபது குத்திக்காசுதான். அவற்றில் 1870 என்று போட்ட ஐந்து சதச் செப்புக்காசு ஒன்று. ஒரு பக்கம் விக்ரோறியா மகாராணி, மறுபக்கம் பனைக் குடும்பத்து மரமொன்று. கையில் வைத்தால் நல்ல கனம். பன்னிரண்டு வயதில் அந்தக் காசைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. வீடு முழுக்கக் காட்டித் திரிந்தேன்.

பல வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு காசு வியாபாரியிடம் அதைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக்கூடக் கையில் எடுக்கவில்லை. "தம்பி, இதை ஆர் கழுவினது?" என்று கேட்டுவிட்டு, நிறைக்கு விற்கிற செப்புக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பழைய காசு என்றால் வயதுக்குத்தான் விலை என்று நினைத்து வருகிறவர்கள் இன்றைக்கும் நிறையப் பேர். ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ரோமச் செப்புக்காசு ஒன்று மலிவாகக் கிடைக்கலாம்; நூறு வருடம்கூட ஆகாத ஒரு சதத்துக்கு ஆட்கள் போட்டி போடலாம். எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேருக்கு அது வேண்டும், மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை. முதல் இரண்டும் எங்கள் கையில் இல்லை. மூன்றாவதைப் பார்க்கப் பழகலாம், கெடுக்காமலும் இருக்கலாம்.

பிடிக்கும் முறை

காசை எப்போதும் விளிம்பில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடியுங்கள். முகத்தில் விரல் படக் கூடாது. விரலிலுள்ள வியர்வையும் எண்ணெயும் செப்புக்காசில் பட்டால் சில வாரத்தில் கைரேகை கறுப்பாக எழும். அது பிறகு போகாது. எங்கள் வெக்கையில் கை எந்நேரமும் ஈரம் என்பதால் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். மேசையில் மடித்த துவாய் ஒன்றை விரித்து அதற்கு மேலே வைத்துப் பாருங்கள். சீமெந்து நிலத்தில் ஒருமுறை விழுந்தால் விளிம்பில் ஒரு பள்ளம் நிச்சயம். கதைத்துக்கொண்டு காசைப் பார்க்கவும் வேண்டாம், எச்சில் தெறிக்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வெள்ளிக்காசில் கறுப்புப் புள்ளிகள் பல அப்படித்தான் வந்தவை.

என்ன காசு என்று முதலில் தெரிய வேண்டும்

ஒரு காசு புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரியாமல் அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆகவே ஆட்சியாளர், ஆண்டு, மதிப்பு, உலோகம் நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உலக நாணயப் பட்டியல்கள் ஒவ்வொரு வகைக் காசுக்கும் கே.எம். என்ற எழுத்துகளோடு ஓர் எண் கொடுத்திருக்கின்றன. வியாபாரிகள் பேசுவது அந்த எண்ணில்தான்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் அதிகம் வெளிவருபவை இவைதான். 1872இல் இலங்கை சத முறைக்கு மாறியபோது வந்த செப்புச் சதங்கள், கால் சதமும் அரைச் சதமும் உட்பட. 1892இலிருந்து வந்த 10, 25, 50 சத வெள்ளிக்காசுகள். ஐந்தாம் ஜோர்ஜ் காலத்துச் சதுர ஐந்து சதம். இந்திய ரூபாய்கள். பெட்டகத்தின் அடியில் சில தங்கப் பவுண்கள்.

வெள்ளியில் ஒரு விடயம் கவனியுங்கள். 1892இல் தொடங்கிய இலங்கை வெள்ளிக்காசுகளில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி. 1919இலிருந்து அதை 550 ஆகக் குறைத்தார்கள். 50 சதக் காசின் நிறை இரண்டிலும் 5.83 கிராம்தான், பார்வைக்கும் வித்தியாசம் அதிகம் தெரியாது, ஆண்டுதான் சொல்லும். இந்திய ரூபாய் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940இலிருந்து அது பாதி வெள்ளியானது, 1947இல் வெறும் நிக்கல். நிக்கல் ரூபாயைக் காந்தம் இழுக்கும், வெள்ளியை இழுக்காது. வெள்ளி என்று நினைத்து நிக்கல் ரூபாயை அலுமாரியில் பூட்டி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பாவம், அவர் அதற்குக் காப்புறுதிகூட விசாரித்திருந்தார்.

ஆகவே நகைக்கடைக்காரர் பாவிப்பது போன்ற டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். நூறில் ஒரு கிராம் காட்டினால் போதும். பாவனையில் தேய்ந்த காசு சற்று நிறை குறையலாம். பார்வைக்குப் புதிதாக இருக்கிற காசு அரைக் கிராம் குறைந்தாலோ கூடினாலோ அது போலி என்றே நினைத்துத் தொடங்குங்கள்.

வெளிச்சமும் கண்ணாடியும்

ரியூப் லைற் உதவாது. அதன் வெளிச்சம் எல்லாப் பக்கத்தாலும் பரவி, கீறல்களை மறைத்துவிடும். ஒரே இடத்திலிருந்து வருகிற மஞ்சள் குமிழ் வெளிச்சம் வேண்டும். மற்ற விளக்குகளை அணையுங்கள். காசை வெளிச்சத்துக்குக் கீழே சாய்த்து, மெதுவாகச் சுற்றுங்கள். நேராக வைத்துப் பார்த்தால் நல்ல காசு போலத் தெரிவது, சாய்த்தவுடன் மயிர்போன்ற கீறல்களால் நிறைந்திருக்கும். ரோர்ச் லைற்றை ஒரு பக்கத்தில் படுக்க வைத்துப் பார்ப்பதும் நல்லதுதான், மின்சாரம் இல்லாத காலத்தில் நான் பழகியது அப்படி.

உருப்பெருக்கி ஐந்து மடங்கு போதும், ஏழு மடங்குவரை போகலாம். பத்து மடங்குக் கண்ணாடியில் எல்லாக் காசுமே குன்றும் குழியுமாகத் தெரியும்; போலி பார்க்க அது உதவும், தரம் பார்க்க உதவாது. முதலில் வெறுங்கண்ணால் ஒரு அபிப்பிராயம் எடுத்துவிட்டுத்தான் கண்ணாடியை எடுக்க வேண்டும்.

தேய்மானம் எங்கே தொடங்கும்

காசு கைமாறும்போது முதலில் உரசுவது அதன் மிக உயர்ந்த இடங்கள். அந்த இடங்கள் எவையென்று ஒவ்வொரு வகைக்கும் மனப்பாடம் செய்வதுதான் தரம் பார்ப்பதில் பாதி.

முடி சூடிய விக்ரோறியாவின் இந்திய ரூபாயில் சட்டையின் பூவேலையும் மடிப்பும் பார்க்க வேண்டும். அது தட்டையாகிவிட்டால் காசு நன்றாகப் பாவனையில் இருந்தது. ஏழாம் எட்வேர்ட்டின் இந்திய ரூபாயில் தலையில் கிரீடம் இல்லை, ஆகவே காதும் அதற்கு மேலேயுள்ள தலைமயிரும் முதலில் போகும். ஐந்தாம் ஜோர்ஜ்ஜில் கிரீடத்து மணிகள், புருவம், மீசை. இலங்கைச் சதத்தின் பின்பக்கத்தில் மரத்தின் ஓலைக் கீற்றுகளை எண்ணிப் பாருங்கள். ஓலைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே திட்டாகத் தெரிந்தால் அது நடுத்தரத்துக்குக் கீழே.

ஐந்தாம் ஜோர்ஜ்ஜின் இந்திய ரூபாயில் ராஜாவின் மேலங்கியில் ஒரு சின்ன யானை இருக்கிறது. 1911இல் முதலில் வந்த ரூபாயில் அதன் தும்பிக்கை மிகக் குட்டையாக அமைந்துவிட, பார்த்தவர்கள் பன்றி என்று சொல்லிக் கலவரப்பட்டார்கள். அரசு அந்தக் காசைத் திரும்பப் பெற்று, 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டது. சேகரிப்பவர்கள் இன்றும் 1911ஐப் பன்றி ரூபாய் என்றுதான் சொல்கிறார்கள். இந்த யானை தரம் பார்க்க நல்ல அளவுகோல். தும்பிக்கை, கால், வால் எல்லாம் தனித்தனியே தெரிந்தால் நல்ல காசு. யானை ஒரு சின்னக் கட்டியாக மாறியிருந்தால், அது எத்தனையோ சந்தைகளைக் கண்டுவிட்ட காசு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சில காசுகள், காசு அடிக்கும் அக்கசாலையிலேயே சரியாக அடிபடாமல் வரும். அச்சு தேய்ந்திருக்கலாம், அழுத்தம் குறைந்திருக்கலாம். அப்போது உயர்ந்த இடம் பிறந்ததிலிருந்தே தட்டை. இது தேய்மானம் அல்ல. வித்தியாசம் எப்படித் தெரியும்? தேய்ந்த இடம் வழுவழுப்பாக, நிறம் மாறி, சற்றுச் சாம்பல் கலந்து இருக்கும். அடிப்புக் குறைந்த இடத்தில் உலோகத்தின் சொரசொரப்பும், சுற்றியுள்ள இடத்தில் இருக்கிற அதே மினுக்கமும் இருக்கும். புதியவர்கள் பிழைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். நானும் விட்டிருக்கிறேன்.

மினுக்கமும் பளபளப்பும் ஒன்றல்ல

அச்சு இடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் ஆரமாய் விழும். வெளிச்சத்தில் காசைச் சுற்றினால் இந்த வரிகள் ஒளியை வாங்கி, மாட்டுவண்டிச் சில்லின் ஆரக்கால்கள்போல ஒரு வெளிச்சக்கோடு காசின் மேலே சுழலும். இதுதான் அக்கசாலை மினுக்கம். பாவனையில் முதலில் உயர்ந்த இடங்களில் அது அறும், பிறகு வெளியிலும் (உருவமும் எழுத்தும் இல்லாத தட்டையான இடம்) போகும். ஒருமுறை போனால் உலகத்தில் எந்த மருந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

மினுக்கிய காசின் பளபளப்பு வேறு. அது கண்ணாடிபோல எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும், சுற்றினால் அசையாது. ஒரு புதுக் காசையும் பிரசோ (பித்தளை மினுக்கும் மருந்து) போட்ட காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகு உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

தரப் பெயர்களும் எண்களும்

1949இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன், தன் நாட்டுப் பழைய பெரிய செப்புச் சதங்களுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவு போட்டார். அவருடைய எண்ணம், தரம் 1 உள்ள காசு ஒரு டொலர் என்றால் தரம் 70 உள்ள காசு எழுபது டொலர் பெறும் என்பது. அந்தக் கணக்கு அப்போதைய சந்தைக்குப் பொருந்தியிருக்கலாம், இன்றைக்கு விலை அப்படிப் போவதில்லை. ஆனால் எண் நிலைத்துவிட்டது. இப்போது பல நாட்டுக் காசுக்கும் அதே அளவுதான்.

கீழே இருந்து வருவோம். 1, 2, 3 எல்லாம் என்ன காசு என்று மட்டும் தெரியும் நிலை. 4இலிருந்து 6 வரை குட். இதைக் கேட்டு ஏமாறாதீர்கள்: காசுக்காரர்களின் பாஷையில் குட் என்றால் கிட்டத்தட்ட மோசம். உருவத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சியிருக்கும். 8, 10 வெரி குட். 12, 15 ஃபைன். எழுத்தெல்லாம் தெளிவு, பெரிய விபரங்கள் தெரியும், நுணுக்கம் போய்விட்டது. 20இலிருந்து 35 வரை வெரி ஃபைன். 40, 45 எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். உயர்ந்த முனைகளில் மட்டும் தேய்வு. 50இலிருந்து 58 வரை ஏ.யு.; பாவனையின் வாசம் மட்டும் பட்டது. 60இலிருந்து 70 வரை பாவனையே படாதது. இதை எம்.எஸ். என்றும் யு.என்.சி. என்றும் எழுதுவார்கள்.

60க்கு மேலே தேய்மானம் பற்றிய பேச்சே இல்லை. அங்கே பார்ப்பது சாக்கில் ஒன்றோடொன்று மோதி விழுந்த வடுக்கள், அடிப்பின் கூர்மை, மினுக்கம், பார்வைக்கு அழகு. வடு கன்னத்தில் விழுந்தால் தரம் கூடக் குறையும், எழுத்துகளுக்கு நடுவில் ஒளிந்திருந்தால் மன்னித்துவிடுவார்கள். இதனால் ஒரு வேடிக்கை: 58 தரக் காசு பல வேளை 60 தரக் காசைவிட அழகாக இருக்கும். 60 பாவனை படாதது, ஆனால் முகமெல்லாம் அடி. 58க்கு முனையில் மட்டும் ஒரு துளி உரசல். எனக்குத் தெரிவு கொடுத்தால் 58தான்.

புரூஃப் என்பதைத் தரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது செய்முறை. மினுக்கிய அச்சால், சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக அடித்த காசு.

இரண்டு பக்கத்தையும் தனித்தனியே மதியுங்கள். இரண்டும் வேறு வேறு தரமென்றால் நான் மோசமான பக்கத்தைத்தான் எழுதுவேன். அடுத்த நாள் காலையில், முன்பு எழுதியதைப் பார்க்காமல் திரும்பவும் மதியுங்கள். இரண்டு எண்ணும் ஐந்துக்கு மேல் விலகினால் இன்னும் பழக வேண்டும்.

தரத்தையே அழித்துவிடும் பழுதுகள்

எண் போடுவதற்கு முன்பே ஒரு காசைத் தள்ளிவைக்கச் செய்யும் விடயங்கள் உண்டு. தரம் போடும் நிறுவனங்கள் இப்படிப்பட்ட காசுக்கு எண் கொடுக்காமல், விபரம் இவ்வளவு, ஆனால் பழுது இது என்று மட்டும் எழுதிவிடும்.

முதலாவது, கழுவியது. எங்கள் ஊரில் பித்தளை, செம்பு என்றால் கை தானாகப் பழப்புளியைத் தேடும். தேசிக்காய், சாம்பல், விபூதி, பற்பசை எல்லாம் கண்டிருக்கிறேன். புளியிலுள்ள அமிலம் செப்பின் மேல்தோலைத் தின்றுவிடும். அதோடு சேர்ந்த சாம்பல் உப்புத்தாள்போல உரசும். கழுவிய செப்புக்காசைப் பிடிக்க மூன்று அடையாளம் சொல்கிறேன். நிறம் ஒருவித இளஞ்சிவப்பாக இருக்கும். அக்கசாலையிலிருந்து வந்த புதுச் செப்பின் நிறம் செம்மஞ்சள், இரண்டும் வேறு. எழுத்துகளின் அடியில் பழைய அழுக்கு மிஞ்சியிருக்க, வெளி மட்டும் சுத்தமாக இருக்கும். மூன்றாவது, ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள். இந்தக் கீறல் எழுத்தின் மேலேறி மறுபக்கம் இறங்கினால் துடைத்த கீறல். எழுத்துக்கு முன்னால் நின்றுவிட்டு, கண்ணாடியில் பார்த்தால் குழியாக இல்லாமல் மேலெழுந்த வரியாக இருந்தால் அது அச்சை மினுக்கிய வரி. அக்கசாலையிலேயே வந்தது, பழுதல்ல.

அழுக்கை அப்படியே விடுவதா என்று கேட்பீர்கள். தளர்வான மண் என்றால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம். எண்ணெயும் பிளாஸ்ரிக் பிசினும் பட்டிருந்தால் சுத்தமான அசிற்றோன். நகப்பூச்சு அகற்றும் போத்தலில் இருப்பது அல்ல, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிற்றோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே அடுப்படியில் வேண்டாம், வெளிக்காற்றில் செய்யுங்கள். இதற்கு மேலே எதுவும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, மண்ணுக்குள் இருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுதும் ஒரே இரவில் கிளம்பியபோது, காசைப் பால்மா ரின்னிலும் ஹோர்லிக்ஸ் போத்தலிலும் போட்டு வீட்டுக் கோடியில் புதைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வந்து தோண்டியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பச்சைக் கட்டி. போத்தல் மூடி தாங்கியிருந்தால் உள்ளே இருந்தது தப்பியது. ரின் துருப்பிடித்தால் ஒன்றும் தப்பவில்லை. மண்ணின் உப்பு செப்பைக் குழிகுழியாகத் தின்றுவிடும். அந்தக் குழி நிரம்பாது. அப்படிப்பட்ட காசை விற்க நினைக்காமல் வீட்டில் வைத்திருப்பதே நல்லது என்பது என் எண்ணம். சந்தை கொடுக்கும் விலையைவிட அந்தக் கதைக்கு உங்கள் பிள்ளைகளிடம் மதிப்பு கூட.

பச்சையிலும் இரண்டு வகை உண்டு. இறுகி, வழுவழுப்பாக, கடும்பச்சையாக இருப்பது நிலைத்துப்போன படலம். பழங்காசில் அது அழகுதான், தொட வேண்டாம். வெளிர்ப்பச்சை நிறத்தில் மாவாக உதிர்ந்து, துடைத்தாலும் மழைக்காலத்தில் திரும்ப வருவது வேறு. உப்பிலுள்ள குளோரைட் ஈரத்தோடு சேர்ந்து செப்பை உள்ளிருந்து அரிக்கிறது. கடற்காற்று அடிக்கிற குருநகரிலும் பருத்தித்துறையிலும் இது இல்லாத பெட்டி அருமை. அப்படிக் கண்டால் அந்தக் காசைப் பிரித்து, நன்றாக உலர வைத்துத் தனியே வையுங்கள்.

மூன்றாவது, நகையாக இருந்தது. நாங்கள் தங்கத்தை நிறுப்பதே பவுணில்தான். அந்தப் பெயர் வந்த ஆங்கிலேயத் தங்கக்காசு 22 கரட், 7.98 கிராம். காசுமாலையிலும் பதக்கத்திலும் போன பவுணில் விளிம்பின் உச்சியில் பற்றவைத்த வளையத்தின் தடம் இருக்கும். பத்தர் அதை எவ்வளவு நுட்பமாக அரத்தால் ராவியிருந்தாலும் கண்ணாடியில் தெரியும். வளையம் பூட்டிய பவுணுக்குத் தங்கத்தின் விலைதான், சேகரிப்பு விலை இல்லை. துளை போட்ட வெள்ளி ரூபாய்க்கும் இதே நியாயம்.

சேதுக்காசுக்கும் துட்டுக்கும் வேறு அளவு

நல்லூரை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக்காசை இந்த 70 அளவில் வைத்துப் பார்க்க முடியாது. ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அதற்குக் கீழே சேது என்ற தமிழ் எழுத்து. கையால் அடித்தவை, தகடும் ஒழுங்கில்லை, அச்சும் நடுவில் விழுவதில்லை. ஆகவே இங்கே கேட்கும் கேள்விகள் வேறு. சேது என்ற எழுத்து முழுதாக இருக்கிறதா? நந்தியின் கொம்பும் திமிலும் தகட்டுக்குள் வந்திருக்கின்றனவா? அரசனின் தலை வெட்டுப்பட்டுவிட்டதா? மேற்பரப்பு குழி விழாமல் இருக்கிறதா? எழுத்து முழுதாக உள்ள தேய்ந்த காசு, எழுத்துப் பாதி வெளியே போன புதுக்காசைவிட விரும்பப்படும்.

ஒல்லாந்தர் காலத்துத் துட்டும் அப்படித்தான். துட்டு என்ற சொல்லே டொயிற் என்ற அவர்களுடைய காசுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஒரு பக்கம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. எழுத்துகள் பின்னிய முத்திரையும் ஆண்டும், மறுபக்கம் நெதர்லாந்து மாகாணங்களின் சின்னம். ஆண்டு தெளிவாக வாசிக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள். தோட்டம் கொத்தும்போதோ கிணறு வெட்டும்போதோ அப்படி ஏதும் கிளம்பினால் அறிவிக்க வேண்டும்; உங்கள் காணி என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதும் குற்றம். கனடாவிலிருந்து வந்த மருமகனுக்குப் பரிசாகச் சேதுக்காசு கொடுத்துவிடும் ஆட்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விலைக்கு வருவோம்

முதலில் அடித்தளம்: உலோகத்தின் விலை. நிறையை வெள்ளியின் பங்கால் பெருக்கி, அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். 800 பங்குள்ள 50 சதக் காசில் 4.66 கிராம் வெள்ளி, 550 பங்குள்ளதில் 3.2 கிராம். அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்க வேண்டாம். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளுக்குக் கொண்டுபோனால் கிடைப்பது பெரும்பாலும் இந்த விலைதான், அவர்களுக்கு அது உருக்கும் பொருள். அவர்கள் தொழில் அது, குறை சொல்ல முடியாது. ஆனால் நல்ல தரத்து விக்ரோறியா வெள்ளியை உருக்கக் கொடுத்துவிட்டுப் பிறகு அழ வேண்டாம்.

அடுத்தது அருமை. 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜோர்ஜ் இந்திய ரூபாய் மிக அரிது. அது தேய்ந்திருந்தாலும் ஆட்கள் வாங்குவார்கள் (அதனாலேயே போலியும் உண்டு, ஆண்டின் கடைசி இலக்கத்தைக் கண்ணாடியில் பாருங்கள்). 1940களின் வெண்கல ஒரு சதம் நேர்மாறு. தேய்ந்ததை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஆனால் அக்கசாலைச் செந்நிறம் முழுதும் குலையாமல் இருக்கிற ஒன்று வந்தால் விலை வேறு. செப்புக்கு இதனாலேயே மூன்று நிறப் பெயர் வைத்திருக்கிறார்கள்: முழுச் சிவப்பு, சிவப்பும் பழுப்பும், பழுப்பு. ஒரே எண் தரத்தில்கூட முழுச் சிவப்புக்கு மேலதிக விலை.

தரம் ஏறும்போது விலை படிக்கட்டுப்போல ஏறுவதில்லை. ஃபைனுக்கும் வெரி ஃபைனுக்கும் இடையில் சின்னப் படி. ஏ.யு.வைத் தாண்டினால் ஏணி. 64, 65, 66 என்று போகும்போது சில வகைகளில் ஒவ்வோர் எண்ணும் ஒரு மாடி. அதனால்தான் விற்பவர் எல்லாருடைய காசும் 65ஆக இருக்கிறது, வாங்குபவர் பார்த்தால் 58.

விலை தேடும்போது விற்பனைக்கு வைத்திருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஒருவர் ஒரு கோடி என்று எழுதி வைக்கலாம், யார் கேட்பது? ஏலத்தில் உண்மையாக விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதே கே.எம். எண், அதே ஆண்டு, அதே தரம், பழுதில்லாதது. குறைந்தது நான்கைந்து விற்பனை. அதில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் எறிந்துவிட்டு நடுவை எடுங்கள். கழுவிய காசென்றால் அதில் பாதிக்கும் கீழே நினைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி அதற்கும் குறைத்துத்தான் கேட்பார், அவருக்குக் கடை வாடகை இருக்கிறது.

பெட்டியில் அடைத்துத் தரம் வாங்குவது

பி.சி.ஜி.எஸ். 1986இலும் என்.ஜி.சி. 1987இலும் அமெரிக்காவில் தொடங்கிய தரம் போடும் நிறுவனங்கள். காசைப் பார்த்து எண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்ரிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். காசுக்காரர்கள் இதை ஸ்லாப் என்பார்கள். இங்கிருந்து அனுப்பினால் கட்டணம், தபால், காப்புறுதி, சுங்கம் எல்லாம் சேரும். சாதாரண சதத்துக்கு அது வீண். பன்றி ரூபாய், நல்ல தரத்து விக்ரோறியா வெள்ளி, போலிச் சந்தேகம் வரக்கூடிய அரிய ஆண்டு என்றால் யோசிக்கலாம். ஸ்லாப்பிலும் போலி வந்துவிட்டது. பெட்டியிலுள்ள இலக்கத்தை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தோடு உங்கள் காசின் வடுக்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வைத்திருப்பது

மென்மையான பி.வி.சி. பிளாஸ்ரிக் உறைகளை இன்றே எறியுங்கள். புதுச் செருப்புக் கடை வாசனை அடித்தால் அது பி.வி.சி. நாளடைவில் அது பச்சைப் பிசினாகக் காசில் படியும். மைலர் (பி.வி.சி. கலக்காத தெளிந்த பிளாஸ்ரிக்) உறை, அல்லது நடுவில் மைலர் சாளரம் உள்ள மட்டை வாங்குங்கள். மட்டையில் ஸ்ரேப்ளர் பின் அடித்தால் பின்னின் முனையைக் குறட்டால் தட்டையாக்குங்கள், பக்கத்துக் காசைக் கீறும். காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டு வைத்து, மாரி தொடங்குவதற்கு முன் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள். பெட்டகம் அழகுதான். ஆனால் மரத்திலிருந்து வரும் ஆவியும் உள்ளே தங்கும் ஈரமும் காசுக்கு ஆகாது.

ஒவ்வொரு மட்டையிலும் கே.எம். எண், ஆண்டு, நிறை, நீங்கள் போட்ட தரம், பார்த்த திகதி, எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். காசை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும், பேனாவின் அழுத்தம் காசில் படக் கூடாது. என்னுடைய 1870 ஐந்து சதமும் அப்படி ஒரு மட்டையில்தான் இருக்கிறது. தரம் என்ற இடத்தில் எண் இல்லை. "வெரி ஃபைன் விபரம், கழுவியது" என்று எழுதி, கழுவியவர் பெயரும் போட்டிருக்கிறேன்.